பனங்காடைக்குக் கொடுத்த கோடை லீவு

கல்யாணப் படம் எடுப்பவனுக்குப் பொறுமை இருந்தால் பிழைப்பு நடக்காது. கெட்டிமேளம் கொட்டிய பிறகு கோணம் யோசித்துக்கொண்டு நின்றால், மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சையும் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மேடையில் நான் போடும் கூச்சலில் நாதஸ்வரக்காரரே சில சமயம் திரும்பிப் பார்ப்பார். "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. அக்கா, கொழந்தைய எறக்கி வுடுங்க. ஜல்தி, ஜல்தி." தொழிலில் வந்த இந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. குக்கர் விசில் அடிப்பதற்குள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிற ஆள் நான்.

என் மனைவி இதற்கு நேர் எதிர். திண்டிவனத்தில், நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. நான் கழித்துப்போட்ட பழைய கேமராவை ஒருநாள் தூசி தட்டி எடுத்தாள். முதலில் அவள் எடுக்க ஆசைப்பட்டது எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரரை. அவரோ கேமராவைப் பார்த்ததும் ரேஷன் கார்டுக்குப் போஸ் கொடுப்பதுபோல விறைத்துக்கொள்வார். சரி விடு என்று நானாக இருந்தால் வந்திருப்பேன். அவள் தினமும் துணி கொண்டுபோனாள். கசங்காத துணிகூட எங்கள் வீட்டிலிருந்து இஸ்திரிக்குப் போனது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா நின்று பேசிவிட்டு வருவாள். மெல்ல மெல்ல அவருக்குக் கேமரா இருப்பதே மறந்துபோனது. ஒரு காலையில் அவர் பெட்டியைத் திறந்து கரியை ஊத, சாம்பல் வெயிலில் பறக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் சிரித்த படம் கிடைத்தது. என் ஸ்டுடியோ சுவரில் நான் எடுத்த படங்களுக்கு நடுவில் அதைத்தான் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் காட்டித்தான் "இது யார் எடுத்தது?" என்று கேட்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

அப்படிப்பட்டவள் போன கோடை லீவு தொடங்கும்போது, "இந்த லீவு பூரா ஒரே படத்துக்குதாங்க" என்றாள்.

கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் பக்கம் திரும்பினால், சாலையை ஒட்டி ஒரு மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை வயல். அதில் ஒரு மோட்டார் கொட்டகை. கொட்டகையை ஒட்டி, மட்டையெல்லாம் உதிர்ந்து வெறும் தூணாக நிற்கும் ஒரு மொட்டைப் பனை. அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பொந்து. அந்தப் பொந்தில் பனங்காடை குஞ்சு பொரித்திருந்தது. பனங்காடை கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவு மங்கலான பழுப்பு. சிறகை விரித்தால்தான் அதற்குள் அத்தனை நீலம் இருப்பது தெரியும். பொந்துக்குள்ளேயே வளர்ந்த குஞ்சு வெளியே பாய்ந்து முதல்முறை சிறகை விரிக்கிற அந்த நேரத்து நீலம் அவளுக்கு வேண்டும். அதுதான் அந்த ஒரே படம்.

விழுப்புரத்துக்குப் போகும் வழிதான் என்பதால் தினமும் காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். முதல் சில நாள் அவள் கேமராவையே எடுத்துவரவில்லை. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் உட்கார்ந்தாள். "படம் எடுக்காம இன்னாதான் பண்ற?" என்று கேட்டேன். "பாத்துக்கினு இருக்கேன்" என்றாள். எந்தப் பறவை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பொந்துக்குள் நுழையுமுன் எந்தக் கம்பியில் உட்காருகிறது, வெயில் எப்போது பொந்தின் வாயில் விழுகிறது என்று பார்த்தாளாம். எனக்குக் கேட்கவே பேஜாராக இருந்தது.

கேமரா முக்காலியை நட்ட அன்று நிலத்துக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்கள் பக்கத்தில் கொல்லையில் முக்காலி நின்றால் ரோட்டுக்கு நிலம் எடுக்க அளக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். "இன்னாம்மா, யாரக் கேட்டு அளக்கறீங்க?" என்று சத்தம் போட்டவர், கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பொந்தைப் பார்த்த பிறகுதான் சமாதானமானார். ஆனாலும் ஒன்று சொன்னார். "டீச்சரம்மா, அந்த மரம் மண்ட போன மரம். காத்தடிச்சா கொட்டாய் மேல வுழுந்துடும், கரண்டு கம்பி வேற போவுது. வெட்டறதுக்கு ஆள் சொல்லியாச்சு."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. மோட்டார் போட அவர் மனைவிதான் அந்தக் கொட்டகைக்குத் தினமும் போய்வருகிறார். என் மனைவி கெஞ்சவும் இல்லை, பாடம் எடுக்கவும் இல்லை. குஞ்சுகள் பறக்க இன்னும் எத்தனை நாள் ஆகும், அதற்குள் காற்று வந்தால் என்ன செய்யலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேசினாள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை பார்ப்போம், பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதற்குமேல் முடியாது என்று முடிவானது. அன்றிலிருந்து படம் மட்டுமல்ல, அந்தக் குஞ்சுகள் பிழைப்பதும் அந்தக் கெடுவுக்குள் வந்துவிட்டது.

வரப்போரம் நாலு குச்சி நட்டு, என் மாமியாரின் பழைய காப்பிநிறப் புடவையைச் சுற்றிக் கட்டி, அதற்குள் உட்கார்ந்துகொள்வாள். முதல்நாள் தூரத்தில் நட்ட குச்சிகளை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தினாள். பறவைகள் மறைப்பைச் சட்டை செய்யாமல் வெட்டுக்கிளியும் ஓணானுமாகக் கொண்டுவந்து ஊட்டத் தொடங்கின.

இந்த நேரத்தில்தான் நிலத்துக்காரர் மனைவிக்கு இரக்கம் பொங்கியது. அக்னி நட்சத்திர வெயிலில் டீச்சரம்மா கிழிந்த புடவைக்குள் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் வராத ஒரு சாயங்காலத்தில் புடவையை அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, தன் பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா பேனரைக் கொண்டுவந்து கூரையும் சுவருமாகக் கட்டிவிட்டார். மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தால், மஞ்சளும் சிவப்புமாக மின்னும் பேனரில் கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு பனைமரத்தைப் பார்த்து நின்றார்கள். பறவைகள் வாயில் இரையோடு வட்டம் அடித்தன. பொந்துக்குள் குஞ்சுகள் கத்தின. பெரியவை கிட்டே வரவேயில்லை.

"நெழலா இருக்குதா டீச்சரம்மா?" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார் அந்த அம்மா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையை நீட்டி அவிழ்க்கப் போனேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "ரொம்ப நல்லா இருக்குதுங்கக்கா. ஆனா இந்த வெயிலுக்குப் பாப்பா மூஞ்சி வெளுத்துடுமேன்னு இருக்குது. மூஞ்சிய உள்பக்கம் வெச்சுக் கட்டிக்கலாமா?" என்றாள். அந்த அம்மா நெகிழ்ந்தே போய்விட்டார். அவரே முன்னின்று பேனரைத் திருப்பிக் கட்டினார். பின்பக்கம் வெறும் சாம்பல் நிறம். அதன்மேல் காய்ந்த பனை மட்டைகளைச் சாய்த்துவிட்டு, எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்துத் தாய்ப்பறவை கம்பியில் வந்து உட்கார்ந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, பிறகு பொந்துக்குப் போனது. ஒரு மனுஷியின் மனசும் நோகாமல், ஒரு பறவையும் பட்டினி கிடக்காமல் அதை அவள் முடித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதற்குப்பின் அவள் உள்ளே உட்கார்ந்திருந்தபோதெல்லாம் தாய்மாமன்கள் அவளைச் சுற்றிக் காவல் நின்றார்கள்.

மல்லாட்டை பிடுங்கி முடித்து, கொல்லையில் டிராக்டர் ஓட்டப்போகும் நாளையும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டாள். மண் புரண்டால் புழுவும் வண்டும் மேலே வரும், அன்றைக்கு ஊட்டல் அடிக்கடி நடக்கும் என்பது அவள் கணக்கு. அப்படியேதான் நடந்தது. அன்று எடுத்த படங்களில் ஒன்றை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது, பொந்தின் வாயில் எட்டிப்பார்த்த இரண்டு குஞ்சுகளுக்குப் பின்னால், இருட்டில், சின்னதாக இன்னொரு அலகு தெரிந்தது.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போதே ஒரு சாயங்காலம் காற்றோடு கோடை மழை வந்தது. பனை கொட்டகைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நிலத்துக்காரர் மழையிலேயே கயிறு போட்டு எதிர்ப்பக்க வேப்பமரத்தில் இழுத்துக் கட்டிவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். "இனிமே தாங்காது டீச்சரம்மா. காலைல வெட்டிடறோம்."

விடியும்போதே அங்கே இருந்தோம். மரம் வெட்டுபவர் ரம்பத்தோடு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தாய்ப்பறவை பொந்துக்குப் போகாமல், வாயில் வெட்டுக்கிளியோடு கம்பியிலேயே உட்கார்ந்து கூப்பிட்டது. நாங்கள் எல்லாரும் பொந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் முக்காலியைத் திருப்பி, பொந்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தில் லென்ஸை வைத்தாள்.

"பொந்த வுட்டுட்டு எங்க பாத்துக்கினு இருக்க?" என்றேன்.

"பசிக்க வெச்சு வெளிய கூப்புடுதுங்க. எந்தப் பக்கம் வரணும்னு அதுவே உக்காந்துகினு காட்டுது பாருங்க."

பொந்திலிருந்து ஒரு குஞ்சு முன்னே வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. பிறகு விழுவதுபோலப் பாய்ந்து சிறகை விரித்தது. நீலம்! கேமரா படபடவென்று அடித்தது. திரையில் காட்டினாள். வானமும் அந்தச் சிறகும் தவிர வேறெதுவும் இல்லாத படம். ஆயிரம் கல்யாணம் எடுத்த நான் அதை மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் பறந்தது. நிலத்துக்காரர் கையைத் தட்டினார். மரம் வெட்டுபவர் எழுந்து ரம்பத்தை எடுத்தார்.

"இருங்க, உள்ள இன்னொண்ணு இருக்குது" என்றாள்.

நிலத்துக்காரர் சங்கடமாகக் கயிற்றைப் பார்த்தார். மேற்கே மறுபடி மேகம் கூடிக்கொண்டிருந்தது. "அதான் போட்டோ கெடச்சிடுச்சே டீச்சரம்மா?" என்றார்.

"போட்டோ எனக்கு கெடச்சிடுச்சுங்க. அது இன்னும் வெளிய வர்லியே."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, "கொழந்த உள்ள கெடக்கறப்ப எப்பிடிய்யா வெட்டுவ? இன்னைக்கு நான் மோட்டார் பக்கம் போவல, போ" என்று சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மரம் வெட்டுபவர் துண்டை விரித்துப் படுத்தார். என் மனைவி கேமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். மேகம் சூழ்ந்து வெளிச்சம் போய்விட்டது, இனி படத்துக்கு ஆகாது. ஆனாலும் அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. சாயங்காலம் எனக்கு ஒரு ரிசப்ஷன் இருந்தது. ஸ்டுடியோவில் கூட இருக்கும் என் தம்பிக்குப் போனைப் போட்டு அவனைப் போகச் சொன்னேன். தொழிலில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை.

மத்தியானத்துக்குமேல் காற்று எழுந்து கயிறு முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. நிலத்துக்காரர் எழுந்து போய்க் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டார். நானும் போய்ப் பிடித்தேன். அப்போதுதான் மூன்றாவது குஞ்சு வந்தது. மற்ற இரண்டைவிட ரொம்பச் சின்னது. பாய்ந்தது, சிறகு தாங்கவில்லை, உழுத மண்ணில் பொத்தென்று விழுந்தது.  தாய்ப்பறவை கம்பியிலிருந்து அதன் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தது. குஞ்சு தத்தித் தத்தி மண்கட்டி ஒன்றின்மேல் ஏறி, மறுபடி எழும்பி, தாழ்வாகவே பறந்து வேலிமேல் போய் உட்கார்ந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. பிறகு வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

மரத்தை வெட்டினார்கள். கயிறு இழுத்த பக்கமாகவே அது வெறும் கொல்லையில் விழுந்தது. தூசி அடங்குவதற்குள் என் மனைவி ஓடினாள். மண்டியிட்டு, பொந்துக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். வண்டின் ஓடும் வெட்டுக்கிளிக் காலும் ஒரு சின்ன இறகும் அவள் கையோடு வந்தன. மறுபடி விட்டுத் துழாவினாள். நாலாவதாக இன்னொரு அலகு உள்ளே இருந்து, அது படத்தில்கூட விழாமல் போயிருந்தால் என்ன செய்வது என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. காலையிலிருந்து அவள் அப்படிப் பயந்தபடிதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு கையை வெளியே எடுத்து, எங்களைத் திரும்பிப் பார்த்து, "காலிங்க. ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள்.