டீமேக்கரின் காருக்கு இரண்டு கார்புரேட்டர்

அந்தக் காரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேயிலை லொறியின் பின்னால் கயிறு கட்டிப் பதுளைக்கு இழுத்து வந்திருந்தார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரை கிடையாது, சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. எழுபதுகளின் நடுவில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை அதை ஃபாக்டரிக் கொட்டகையில் விட்டுப்போயிருந்தார். அதை வாங்கியவர் அந்த ஃபாக்டரியின் டீமேக்கர், அதாவது தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. நமுனுகுலை மலைச் சரிவில் தோட்டம், ஐம்பதை நெருங்கும் வயது, கல்யாணமாகாத ஒற்றையாள்.

"ஓடுமா பாஸ்?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓடுங்க. மலையிலேர்ந்து தள்ளிவிட்டா நல்லாவே ஓடும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பசறை ரோட்டில் சின்ன கராஜ், அதன் பின்னால் ஓர் அறை. இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி அம்மாவுக்கும் அண்ணன் குடும்பத்துக்கும் இந்தியா போகச் சொல்லிக் கடிதம் வந்தது, எனக்கு மட்டும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதிர்ஷ்டசாலி என்றார்கள். பதுளை ஸ்டேஷனில் அவர்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வந்த அன்று, அறையில் ஐந்து பீங்கான் கோப்பைகள் இருந்தன. நான்கை என்ன செய்வது என்று தெரியவில்லை. பகலில் வாடிக்கையாளர்களிடம் வாயாடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் போகும். என் வாய்க்கு அது பெரிய தண்டனை.

டீமேக்கர் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்.

எஞ்சினைப் பிரித்துப் போட்டோம். பிஸ்டன் ரிங், பெயரிங் எல்லாவற்றுக்கும் வழி கண்டோம். பெட்ரோல் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டோம். நான் பழகிய எல்லா எஞ்சினிலும் கார்புரேட்டர்தான். எஞ்சின் காற்றை இழுக்கும், காற்று பெட்ரோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அடியிலுள்ள நட்டைத் திருப்பினால் பெட்ரோல் கூடும், குறையும். காதை வைத்துக் கேட்டே சரிசெய்துவிடலாம். இந்தக் காரில் அது கிடையாது. இன்ஜெக்ஷன். ஒரு பம்பு பெட்ரோலை அழுத்தி அனுப்ப, ஒரு பெட்டி அதை அளந்து ஆறு குழாய் வழியாக ஆறு சிலிண்டருக்கும் பங்கிட வேண்டும். அந்தப் பெட்டி கொட்டகை ஈரத்தில் இறுகிப்போயிருந்தது.

டீமேக்கர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லுவார். எனக்குப் பாதி புரியாது. புரியாததை நான்கு தடவை சொல்லச் சொல்லுவேன். புரிந்ததையும் சில நாள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கடைவீதியில் மோட்டார் சாமான் விற்ற முஸ்லிம் முதலாளியிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். "இத இப்ப வெளிநாட்டுலேர்ந்து இறக்கவே ஏலாது. பண்டாரவளையில இதே எஞ்சின் போட்ட சலூன் கார் ஒன்னு கெடக்கு. அதுல ரெண்டு கார்புரேட்டர் இருக்கி. கழட்டிப் போடுங்க," என்றார் அவர்.

டீமேக்கருக்கு மனமில்லை. இந்தக் காருக்கு அழகே இன்ஜெக்ஷன்தான் என்றார். இங்கிலாந்துக்கு எழுதிப் பார்க்கலாம், எத்தனை மாதம் ஆனாலும் காத்திருக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க பாஸ். நீங்க சொல்றதுதான்," என்றார்.

எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. இன்ஜெக்ஷன் என்றால் காத்திருக்கும் மாதமெல்லாம் அவர் வருவார். ஆனால் ஒருதடவை சரியாகிவிட்டால் என்னால் அதைத் தொட முடியாது, பழுதானால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். கார்புரேட்டர் அப்படியில்லை. இரண்டும் ஒன்றாக மூச்சுவிட மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதற்கு அவர் என்னிடம்தான் வந்தாக வேண்டும். "கார்புரேட்டர்தாங்க நம்ம மலைக்குச் சரி," என்று சொன்னேன். எஞ்சினுக்காகச் சொல்வதுபோலவே சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை முடிக்கும்போது, "மேலயேதானா, கீழ எறங்குறீங்களா?" என்று கேட்காமல் நட்டில் கை வைக்க மாட்டோம். மலையில் காற்று லேசு, அதனால் பெட்ரோலைக் குறைத்து வைக்க வேண்டும். அப்படியே கீழ்நாட்டுக்கு இறக்கினால் அங்கே காற்று கனம், பெட்ரோல் பத்தாமல் சூடேறி பிஸ்டனே உருகிவிடும். அரைச் சுற்றுத் திருப்பினால் தீர்கிற விஷயம். பதுளையில் எந்தக் கத்துக்குட்டியும் கேட்கிற கேள்வி.

கார்புரேட்டர் மாட்டிய ஞாயிறு டீமேக்கர் தன் ரேடியோவைக் கொண்டுவந்து என் அறையில் வைத்தார். "எனக்கு எதுக்கு, நீங்க வச்சிக்குங்க," என்றார். ஓடுகிற ரேடியோவை யாரும் சும்மா கொடுப்பதில்லை. அவர் எங்கோ போகப் போகிறார் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அதனால்தான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே! அவர் எங்கும் போகாதவர்போல நட்டை, பதுளையைவிட உயரத்திலிருந்த அவருடைய தோட்டத்துக்கு ஏற்றபடி இன்னும் குறைத்து வைத்தேன். எல்ல என்ற ஊர் வரைக்கும் இருவரும் போய்வந்தோம். வளைவுகளில் அந்த ஆறு சிலிண்டரும் பாடியதைக் கேட்டு இரண்டு பேரும் பைத்தியம்போல் சிரித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் அதிகம் இருந்ததில்லை.

நான்கு நாள் கழித்து, கீழ்நாட்டில் இருக்கும் இரத்தினபுரியிலிருந்து டீமேக்கரின் தந்தி வந்தது. பெல்மதுளை தாண்டி நேர்ரோட்டில் எஞ்சின் நின்றுவிட்டதாம். பண்டாரவளைச் சலூன் காரிலிருந்து ஒரு பிஸ்டனைக் கழற்றி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அங்கே ஒரு கராஜில் கார் நின்றது. மூன்றாவது பிஸ்டனின் தலையில் விரல் போகிற ஓட்டை. கராஜ்காரர் சிங்களத்தில் என்னைக் கேட்டார், மலையில் இதையெல்லாம் கேட்டுச் செய்ய மாட்டீர்களா என்று. நான் வாய் திறப்பதற்குள் டீமேக்கர் முந்திக்கொண்டார். பாஸ் கேட்டார், நான்தான் கீழே போகவில்லை என்று சொன்னேன் என்றார். கூசாமல் சொன்ன பொய். எனக்கு முகம் எரிந்தது.

மூன்று நாள் வேலை. அவருடைய தங்கை வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. தங்கை பிள்ளைகள் அவர் தோளில் தொங்கின. பக்கத்திலேயே ஒரு தேயிலை ஃபாக்டரியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அவர் இனி ஒற்றையாள் இல்லை என்று புரிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்றார்.

"டீமேக்கரையா, நான் ஒன்னு சொல்லணும். அன்னைக்கு நான் மறந்துட்டுக் கேக்காம இல்லீங்க…"

"தெரியும் பாஸ். நானும்தான் சொல்லல. மூணு மாசத்துக்கு முன்னாடியே இந்த வேலை கெடச்சிருச்சி." பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா நீங்க எஞ்சின முடிச்சே தர மாட்டீங்கன்னு பயந்தேன்."

அப்படியெல்லாம் இல்லீங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பதுளை பஸ் வந்து நின்றது.

"ஆமாங்க," என்றேன். "முடிச்சிருக்கவே மாட்டேன்."