எங்கள் கிளப்புக்கு மனேஜர் பிடித்த கதை

எங்கள் புட்போல் கிளப்பின் மனேஜர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருக்குப் பதுளைக்கு மாற்றல் வந்ததும் கண்டி டவுனில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. அந்தக் காலத்தில் மனேஜர் என்றால் சம்பளம் வாங்கும் ஆள் அல்ல. யார் ஆடுவது என்று முடிவு செய்பவர்; ஆட்டம் நடக்கும்போது கோட்டருகே நின்று கத்த உரிமையுள்ள ஒரே மனிதர். நானோ ஒரு நாளும் பந்தை உதைத்தவனில்லை. நகரசபைக் கந்தோரில் கிளார்க். சனிக்கிழமைகளில் கூட்டத்தோடு நின்று தொண்டை வற்றக் கத்துகிறவன். ஆனாலும் அடுத்த மனேஜர் யார் என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கட்சி மனேஜராகக் கேட்டது மடவளையிலிருந்து வந்து டவுனில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியை; நாங்கள் அவரை நானா என்போம். இன்னொரு கட்சி கேட்டது அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரரை. நானா வெளியூர் ஆட்டங்களுக்குத் தன் லொறியைக் கொடுப்பார், தோற்றால் கடையைப் பூட்டிவிட்டு அழுவார். கச்சேரிக்காரர் அழமாட்டார், ஆனால் ஆட்டத்தின் சட்டமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சண்டை முற்றியது சப்பாத்தில்தான். எல்லாரும் சப்பாத்துப் போட்டுத்தான் ஆடவேண்டும் என்றார் கச்சேரிக்காரர். எங்கள் அணியின் வேகமான ஆள் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன், வெறுங்காலோடு பறப்பான். அவன் காலில் சப்பாத்தை மாட்டினால் ஊர்வலத்து மாப்பிள்ளை மாதிரி நடப்பான் என்றார்கள் நானாவின் ஆட்கள். உண்மைதான் என்று எனக்குப் பட்டது. போன வருஷம் நாம் தோற்றதெல்லாம் மழையில், வெறுங்கால் சேற்றில் வழுக்கி என்றார்கள் மற்றவர்கள். அதுவும் உண்மைதான் என்று பட்டது. காலையில் நான் நானா கட்சி. தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கச்சேரிக்காரர் கட்சி. யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதே எனக்கு நியாயமாகத் தெரிந்தது. மண்டைக்குள் மூளை இருக்கிறதா களிமண் இருக்கிறதா என்று என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் என் நண்பன் என்னை வாவிக்கரைக்கு வரச்சொன்னான். அச்சுக்கூடத்தில் வேலை செய்தவன். எட்டு வருஷம் எங்கள் அணியின் பின்வரிசையைத் தாங்கியவன். மாத்தளைக்காரர்களோடு நடந்த ஒரு ஆட்டத்தில் முழங்கால் போனதிலிருந்து மைதானத்தின் பக்கமே சரியாக வருவதில்லை. கரையோரக் கட்டுச்சுவரில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டு பேர்ல யாரைப் போட்டாலும் மத்த கட்சி வெளிய போயிரும். நீ என் பேரைச் சொல்லு. இந்தக் காலோட இனி ஆட முடியாது. மனேஜரா இருந்தா கோட்டுக்கிட்டயாவது நிக்கலாம்ல."

அவன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானாவின் கடைக்குள் கூட்டம். துணி மூட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கச்சேரிக்காரர் கதிரையில் அமர்ந்து கூட்டக் குறிப்பு எழுதும் கொப்பியைத் திறந்தார். நான் எழுந்து நண்பனின் பெயரைச் சொன்னேன். நான் எதிர்பார்க்கவேயில்லை, இரண்டு கட்சியும் சரி என்று தலையசைத்தன. மூலையில் உட்கார்ந்திருந்த அவனை எல்லாரும் பார்த்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் உட்காரச் சொன்னால் முதல் தரம் சொன்னதுமே உட்காருகிறவனைப் பறக்காவெட்டி என்பார்கள். பதவிக்கும் அதே கதைதான். பெயர் வந்தவன் முதலில் வேண்டாம் என்று சொல்லவேண்டும். பெயரைச் சொன்னவன் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். மூன்றாம் தரம் அவன் "உங்க இஷ்டம்" என்று ஒத்துக்கொள்வான்.

நண்பனும் முறைப்படி மறுத்தான். ஆனால் அழகாக மறுத்துவிட்டான். இந்த முழங்காலோடு ஆட்டம் முடியும்வரை நிற்க முடியாது, கம்பளைக்கும் மாத்தளைக்கும் ஆட்டம் பேச அலையவேண்டும், நல்ல காலுள்ள ஒருவர்தான் இதற்குச் சரி என்றான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. உண்மைதானே, பாவம், எப்படி அலைவான் என்று நினைத்தேன். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான், மடையன், ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கச்சேரிக்காரர் பேனாவை எடுத்தார். "அவர் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். பேர் சொன்னவரும் ஓம் எண்டு தலையாட்டுறார். அப்ப வேற ஆளைப் பாப்பம்."

கடைசியில் நானா என் பக்கம் கையை நீட்டினார். இவன் இரண்டு கட்சியையும் நல்லதாகவே பேசுகிறவன், இவனே இருக்கட்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தையே தொட்டதில்லை, வேண்டாம் என்றேன். மெய்யாகவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். கச்சேரிக்காரர் இரண்டாம் தரம் கேட்டார். அப்போதும் மறுத்தேன். மூன்றாம் தரம் கேட்டது என் நண்பன்.

"எடுத்துக்க. நீதான் சரி" என்றான், சிரித்த முகத்தோடு.

கடைசியாகப் பேசியவன் அவன். என்ன செய்கிறேன் என்று புரியாமலே "உங்க இஷ்டம்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நண்பன் கூடவே வந்துகொண்டிருந்தான், காலை இழுத்து இழுத்து. நான் இதை விட்டுவிடுகிறேன், நீயே எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றான். மறுபடி கேட்டேன். வேண்டாம் என்றான். மூன்றாம் தரம் கேட்டபோது நின்றான்.

"இப்ப கேக்குறியே. அங்க வச்சு இன்னொரு தரம் கேட்டிருந்தா போதும்."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? நான்காம் தரம் கேட்கவேண்டுமா, மன்னிப்புக் கேட்கவேண்டுமா, பேசாமல் இருக்கவேண்டுமா, எதுவும் விளங்காமல் தெருவில் நின்றேன். அவன் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், மறுநாள் ஆட்டத்துக்குப் பதினொரு பெயர் எழுத உட்கார்ந்தேன். சப்பாத்தா வெறுங்காலா, பின்வரிசையில் யார், ஒன்றும் தெரியவில்லை. கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். அவன் வீட்டு வாசலுக்குப் போக எனக்கு முகமில்லை.