மாப்பிள்ளைக்குக் கட்டிய வாட்ச்

என் மகளின் நிச்சயதார்த்தம் திருமுல்லைவாயிலில் நடந்தது. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டிவிட வேண்டும். எங்கள் மாப்பிள்ளைக்கோ வாட்ச் பைத்தியம், அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். அவர் ஆசைப்பட்ட வெளிநாட்டு வாட்ச் என் சக்திக்கு மீறியது. அம்பத்தூர் கடைக்காரர் அதே சாயலில் வேறொன்றைக் காட்டினார்.

"சாயல் மட்டும்தான் சார் அது. மேல போட்டிருக்கிற பேரு இந்தக் கம்பெனியோட சொந்தப் பேரு. டூப்ளிகேட்னா பெரிய கம்பெனி பேரையே திருடிப் போட்டிருப்பான்" என்றார்.

அதையே வாங்கி, மாங்காடு அம்மன் சந்நிதியில் வைத்து எடுத்து வந்தேன்.

சபையில் கட்டிவிட்டதும் மாப்பிள்ளையின் சித்தப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, டூப்ளிகேட்ட கட்டி வுட்டுட்டீங்கோ? பொண்ணாச்சும் ஒரிஜினலா?"

எல்லோரும் சிரித்தார்கள். தன் கையில் மின்னிய, பெரிய கம்பெனி பேர் போட்ட வாட்சைச் சித்தப்பா உயர்த்திக் காட்டினார். மகள் முகம் செத்துவிட்டது. விவரம் தெரிந்த மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாமா, உங்க வாட்ச்ல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். சித்தப்பா கட்டிக்கினு கீறதுதான் டூப்ளிகேட்டு. சபையில சொன்னா அவருக்கு அசிங்கமாயிடும்ல?"

"பரவால்ல மாப்ள" என்று நானும் சொல்லிவிட்டேன். கல்யாணமும் முடிந்தது.

போன வாரம் மகள் போனில் அழுதாள். "மாமியார் திட்டும்போது அவரு வாயே தொறக்க மாட்டாருப்பா. அப்பால ரூமுக்கு வந்து, உன்மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்னுவாரு."

அம்மன் முன்னால் கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கை கழுவும் இடம்தான் தெரிகிறது.