பெரியப்பாவுக்கு ஒரு டோக்கன்

பழிவாங்க நினைப்பவர்களுக்கு யூராலஜியைப் போலப் பொருத்தமான படிப்பு வேறில்லை. எதிரி ஆணாக இருந்து, அவனுக்கு வயதும் ஏறினால் போதும். மிச்சத்தைப் புராஸ்டேட் சுரப்பி பார்த்துக்கொள்ளும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமும் இருந்தது, எம்.சிஎச். பட்டமும் இருந்தது. காத்திருக்க மட்டும்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

என் எதிரி என் பெரியப்பா. அப்பாவுக்கு ஒரே அண்ணன். போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை மட்டும் ஓய்வு பெற விடவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. தளவாய்புரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னையும் வயலும் ஒரு குலசாமி கோயிலும் உண்டு. கோயில் பொங்கலில் முதல் மாலை பெரியப்பாவுக்கு, இரண்டாவது மாலை அப்பாவுக்கு. தாத்தா போன பிறகு அப்படித்தான் நடந்து வந்தது.

மதுரையில் பொது அறுவை மருத்துவம் முடித்து, சென்னையில் யூராலஜிக்கு இடம் கிடைத்த வருஷம், நாங்கள் பொங்கலுக்குப் போயிருந்தோம். அப்பா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "மக கிட்னி டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிட்னி என்றால் ஊரில் மரியாதை. கிட்னிக்குக் கீழே குழாயும் பையும் இன்ன பிறவும் இருக்கின்றன என்பதை யாரும் யோசிப்பதில்லை. மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர்தான் பெரியப்பாவின் காதில் அதை விளக்கமாகப் போட்டார். பெரியப்பா பானைகளுக்கு நடுவில் நின்று சிரித்தார். ஸ்டேஷனில் கைதிகளைப் பார்த்துச் சிரித்துப் பழகிய சிரிப்பு அது.

"ஏட்டி, ஊரு ஆம்பளைக வேட்டிய அவுத்துப் பாக்கத்தானா இம்புட்டுப் படிப்பு?"

"நோவுன்னு வந்தா பாக்கத்தான வேணும் பெரியப்பா" என்றேன்.

எனக்குப் பதில் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அப்பாவிடம் திரும்பினார். "ஏலே, ஒனக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா? இவளப் பெத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வந்து நிக்க? அந்தப் படிப்ப விடச் சொல்லு. விடுத வரைக்கும் இந்தக் கோயில்ல ஒனக்கு மாலை கெடையாது."

சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் முன்னால் வாய் திறந்து அப்பாவுக்குப் பழக்கமில்லை. பால் பொங்குவதற்கு முன்பே என்னைக் கூட்டிக்கொண்டு வந்து பஸ் ஏறிவிட்டார். ராஜபாளையம் வந்து இறங்கும்போது, "நீ படி" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

அந்த வருஷம் எனக்கு முடிவாகியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் பெரியப்பாவே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் திடீரென்று ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். அதில் எனக்கு நட்டமில்லை. பிறகு ஒரு மயக்க மருந்து டாக்டரைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். என்னைச் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன். ஆனால் அப்பா அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் கோயிலுக்குப் போனார். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்று, வெறுங்கழுத்தோடு கும்பிட்டுவிட்டு வந்தார். அதை மறக்க நான் ஒன்றும் மகான் இல்லை. பெரியப்பா என்றாவது ஒருநாள் அப்பா முன்னால் வந்து கைகட்டி நிற்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

சென்னையில் என் தலைமை டாக்டர் நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர்களின் தொல்லை தனி. வார்டில் ஆண் நோயாளி வந்தால், "அவருக்குக் கூச்சமா இருக்கும்மா, நீ கொஞ்சம் தள்ளி இரு" என்பார். நான் திரைக்கு அந்தப் பக்கம் நிற்பேன். ஒருநாள் எல்லோரும் அறுவை அரங்கில் இருந்த நேரத்தில், சிறுநீர் அடைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கட்டிலில் படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். நான் குழாய் போட்டு வடித்துவிட்டேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு ஆண் டாக்டர், பெண் டாக்டர் என்ற வித்தியாசமே தெரியாது என்பது அன்றைக்குப் புரிந்தது. கூச்சமெல்லாம் நீர் போன பிறகுதான் வருகிறது. அதற்கப்புறம் நான் திரைக்குப் பின்னால் போகவில்லை, தலைமை டாக்டரும் போகச் சொல்லவில்லை.

புராஸ்டேட்டைக் கருவி விட்டுச் சுரண்டி எடுக்கும் அறுவையை அங்கேதான் கற்றேன். ஒவ்வொன்றைச் செய்யும்போதும் பெரியப்பா ஞாபகம் வரும். அதனால் கவனம்தான் கூடியது. அந்தச் சுரப்பி வயதோடு சேர்ந்து வீங்கக்கூடியது. பெரியப்பாவுக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்தால், கல்யாண வீடுகளில் அவர் எத்தனை முறை எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் போகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் பந்திக்கு முன்னால் ஒரு தரம். பிறகு பந்திக்கு முன்னாலும் பின்னாலும். பிறகு தாலி கட்டும் நேரத்தில்கூட ஆளைக் காணோம். எனக்கு அந்தக் கல்யாணச் சாப்பாடு ரொம்ப ருசியாக இருந்தது.

படிப்பு முடிந்து ஊருக்கே வந்து இரண்டு இடங்களில் உட்கார்ந்தேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், ரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடி. மாலையில் ராஜபாளையம், எங்கள் சொந்த ஆஸ்பத்திரி, அறுவை அரங்கு இருப்பதும் அங்கேதான். தொடங்கிய கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கையைக் கண்டேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ராஜபாளையத்துக்காரர்கள். மாலையில் ராஜபாளையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். யூராலஜி என்று போர்டு போட்ட இடத்தில் சொந்த ஊர்க்காரன் கண்ணில் பட்டுவிடக் கூடாது. இங்கிருந்து போகிறவர் திரும்பும்போது ஒரு பெட்டி பால்கோவா வாங்கிக்கொண்டால், போன காரியத்துக்கு அதுவே சாட்சி. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வேறு. அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் மோட்டாருக்குக் காயில் கட்ட வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். பஸ்ஸில் எதிரும் புதிருமாகப் போகிறவர்களைப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ராஜபாளையத்துக்காரர்கள் உள்ளூரைத் தவிர்க்க இன்னொரு காரணம் அப்பா. அவர்தான் மாலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். காது மந்தம். அதனால் பெயரையும் வயதையும் நோயையும் தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். இரைச்சலாக இருக்கிறது என்று அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். கூச்சப்படுகிறவர்களுக்காகப் பக்கத்துச் சந்தில் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருந்தேன்.

போன வருஷம், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் மாடிக்கு வந்தார். வந்தார் என்று சொல்லக் கூடாது. பெரியம்மாவும் ஆட்டோக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். முந்தின சாயங்காலத்திலிருந்து சொட்டுக்கூடப் போகவில்லை. யாரோ ஓரிடத்தில் குழாய் போட முயன்று, உள்ளே போகாமல் ரத்தம் வந்துவிட்டது. முகம் சாம்பலாக இருந்தது. மீசை நனைந்து தொங்கியது.

"தாயி," என்றார். "முடியல தாயி."

என்னை ஏட்டி என்று கூப்பிட்ட அதே வாய்தான். வீங்கிய புராஸ்டேட்டைத் தாண்டிப் போவதற்கென்றே நுனி வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதை எடுத்தேன். ஒரே முயற்சியில் உள்ளே போனது. குழாயோடு மாட்டிய பை நிறைய நிறைய அவர் உடம்பு தளர்ந்து, பெருமூச்சு விட்டு, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உலகத்தில் இதைப் போல ஒரு சுகம் கிடையாது என்று எல்லா நோயாளிகளும் சொல்வார்கள். எனக்கும் அன்றைக்குச் சுகமாகத்தான் இருந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. குழாயோடு இருந்து அவை தேறிய பிறகு அறுவை செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

"மதுரைக்கு எழுதித் தரவா பெரியப்பா? நல்ல டாக்டர்க இருக்காவ."

"வேண்டாம் தாயி. வேற எவன் கையும் என் மேல படக் கூடாது. நீயே செய்யி. இங்கயே செஞ்சிரு."

"இங்க தியேட்டர் கெடையாது. ராஜபாளையத்துக்குத்தான் வரணும்."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒன் அப்பன் இருப்பானா அங்க?"

"அவியதான் டோக்கன் குடுக்காவ."

"சந்துப் பக்கம் ஒரு வாசல் இருக்காமே. அது வழியா வாரேன். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

"என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது பெரியப்பா" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். வீட்டில் கணவரிடம்கூடப் பெயரைச் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவே இல்லை. நோயாளியின் ரகசியம் நோயாளிக்குச் சொந்தம். ஆனால் சந்து வாசல் எனக்குச் சொந்தம். அறுவைக்கு முன்னால் காட்ட அவர் வருவதாகச் சொன்ன நாளில் அதைப் பூட்டச் சொன்னேன். சாவியை என் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டேன்.

படிக்கிறவர்கள் வேறு எதற்கும் பயப்பட வேண்டாம் என்பதற்காக ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அறுவை நன்றாக நடந்தது. பெரியப்பா இன்றைக்கு வாலிபப் பிள்ளை போல நீர் கழிக்கிறார். பழி தீர்க்கிற இடம் அறுவை மேஜை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு வாசலே போதும்.

அன்று மாலை என் அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டேன். பெஞ்சில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மழை என்பதால் பக்கத்துக் கடைக்காரர்களும் வராந்தாவில் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் ராஜபாளையத்துக்காரர்கள், பெரியப்பாவை நன்றாகத் தெரிந்தவர்கள். பூட்டிய சந்து வாசலைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், வேட்டிக்குள் குழாயின் பையை மறைத்துப் பிடித்தபடி பெரியப்பா முன்வாசல் வழியாக வந்தார். பின்னால் குடையோடு பெரியம்மா.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எழுந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் வந்தால் எழுந்து நின்றே வளர்ந்த மனிதர். நாற்காலியைக் கொடுத்து, துண்டால் தட்டி உட்கார வைத்து, என் இத்தனை வருஷக் காத்திருப்பை ஒரு நிமிஷத்தில் பாழாக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

அப்பா எழவில்லை.

"பேரு?" என்றார்.

பெரியப்பா குனிந்து, "ஏலே, நான்தாம்லே" என்றார்.

"பேரச் சொல்லுங்க."

பெயரைச் சொன்னார். வயதைச் சொன்னார்.

"என்ன செய்யுது?"

பெரியப்பா ஏதோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

"ஒண்ணுக்கு வரல" என்றார் பெரியப்பா. கடைக்காரர் ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அப்போதுதான் நான் அப்பாவின் காதைக் கவனித்தேன். மெஷினை மாட்டியிருந்தார்.

"யார்ட்ட காட்டணும்?"

"டாக்டர்ட்ட."

"எந்த டாக்டரு?"

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கிற டாக்டர் நான் ஒருத்திதான். பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஒன் மகட்டத்தாம்லே" என்றார். "ஏலே, நான் ஒன் கூடப்பொறந்த அண்ணன்டா."

அப்பா கட்டின் அடியிலிருந்து ஒரு டோக்கனை உருவி மேஜை மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார். கடைசி டோக்கன்.

"இங்க வாரவிய எல்லாரும் யாருக்காவது அண்ணந்தான். உக்காருங்க, கூப்புடுவாவ."

பெரியப்பா அந்த டோக்கனை எடுத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பா அடுத்த ஆளிடம் பெயர் கேட்க ஆரம்பித்தார். நான் மட்டும்தான் காத்திருந்தேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். எனக்குப் பாவமாக இருந்ததா என்று பிறகு என் கணவர் கேட்டார். இல்லை. எழுந்து போய் அப்பாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "தாயி, அவிய அம்புட்டுப் பேருக்கு முன்னாடி குறுகிப்போயி உக்காந்திருக்காவ. செத்த முந்தி விடச் சொல்லேன், ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல பெரியம்மா. குழாய்தான் போட்டிருக்கே, முட்டாது. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு மணி அடித்தேன்.