மண்சரிவைத் தாண்டி வந்த எட்டு கேன்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. குன்னூரில் ஒரு மருத்துவமனைக்குப் பொருள் வாங்கும் பொறுப்பில் நான் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சேர்ந்ததும் நான் காட்டிய முதல் சாமர்த்தியம், டயாலிசிஸ் திரவக் கேன்கள் அடைத்துக் கிடந்த ஸ்டோர் அறையைக் காலி செய்தது. கோவையிலிருந்து வாராவாரம் வேன் வரும்போது, ஒரு மாதத்துக்கானதை எதற்கு அடுக்கி வைக்க வேண்டும்? "மழைக்காலத்துக்குங்க மேடம்" என்றார் ஸ்டோர் அக்கா. நான் காதில் வாங்கவில்லை. காலியான இடத்தில் ஜன்னலோரமாக எனக்கு ஒரு மேசையும் போட்டுக்கொண்டேன். பெருமை பிடிபடவில்லை!

அந்தப் புதன்கிழமை காலை வேன் டிரைவர் போனில் கூப்பிட்டார். "பர்லியார் தாண்டி மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க மேடம். கோத்தகிரி ரோட்டுலயும் மரம் உழுந்துருச்சாம். நாளைக்குத்தான் விடுவாங்களாம்."

ஸ்டோரில் ஒரு கேன்கூட இல்லை. மாடியில் நான்கு பேர் டயாலிசிஸுக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு முகம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இரவு வரை தாங்காது என்றார் டாக்டர். ஊட்டியில் விசாரித்தோம், மெஷின் காலியில்லை.

ஆம்புலன்ஸில் ஏறி நானே கிளம்பிப் போனேன். சரிவுக்கு இந்தப் பக்கம் ஊட்டி கேரட் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்கள் வேன்! நடுவில் முழங்கால் அளவு சேறு. கேன்களை மட்டும் நடந்துபோய் எடுத்துவர விடச் சொல்லி, அங்கே நின்ற போலீஸ்காரரிடம் கெஞ்சினேன். "பத்து நிமிஷம்தான். தூக்கறதுக்கு ஆளு இருக்குதுங்களா?" என்றார்.

கேரட் லாரியின் மேலிருந்து ஒரு லோடுமேன் கேட்டுக்கொண்டிருந்தார். "மூட்டையவே தூக்கறோம், இது என்னங்க!" என்று குதித்தார். பின்னாலேயே ஏழு பேர் இறங்கினார்கள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். "நீங்க மேட்டையே பாத்துட்டு நில்லுங்க மேடம். கல்லு உருண்டா கத்துங்க, அது போதும்."

கண் இமைக்காமல் பார்த்தேன். எட்டு பேரும் தோளில் கேனோடு பாதிச் சேற்றில் வரும்போது மேலே ஒரு கல் அசைந்தது. "கல்லூ!" என்று கத்தினேன் பாருங்கள், என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எட்டு பேரும் அப்படியே நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் உருண்டு பள்ளத்தில் போய் விழுந்தது அந்தக் கல். அடுத்த நிமிடம் எட்டு கேன்களும் ஆம்புலன்ஸில் இருந்தன. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பேச்செல்லாம் அப்பறமுங்க, கெளம்புங்க!" என்று விரட்டினார் அந்த லோடுமேன்.

மதியம் அந்த ஃபேக்டரிக்காரர் மெஷினில் படுத்திருந்தார். நான் எட்டிப் பார்த்ததும், "ரோடு விட்டுட்டாங்களா மேடம்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அப்படியே அழுதுவிட்டேன்.

மறுநாள் முதல் வேலையாக என் மேசையை வெளியே எடுக்கச் சொன்னேன். ஸ்டோர் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். இப்போது அது வராந்தாவில் கிடக்கிறது. சாரல் அடித்தால் காகிதமெல்லாம் நனைகிறது. ஸ்டோரிலேயே ஒரு ஓரம் ஒதுக்கித் தருவதாகப் பலமுறை சொல்லிவிட்டார்கள். அந்த மனிதர் மூச்சு வாங்கிய சத்தம் காதில் இருக்கும்வரை, கேன்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார எனக்கு மனசு வராது.