எஸ்தருக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்லையாம்!

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மருமகள் எஸ்தர் செம்பூரிலிருந்து திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

“என்னட்டி ஆச்சு?”

“எக்ஸ்பீரியன்ஸ் இல்லையாம், அத்தே.”

செம்பூரில் ஒரு நர்சிங் ஹோம். ஆயா வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். என் மகன் வேலை பார்த்த தோல் பட்டறையை மழைக்காலத்தோடு மூடிவிட்டார்கள். இந்த வேலை கிடைத்தால்தான் பேத்தி ஜெயா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதுகிறவளே அவள்தான். அவள் படிப்பு நின்றால் என் வாய் உங்களுக்கு எப்படிக் கேட்கும்?

எக்ஸ்பீரியன்ஸ் என்றால் என்ன சாமான் என்று அவளிடம் கேட்டேன். டிக்‌ஷனரியைப் புரட்டினாள்.

“அனுபவம்னு போட்டிருக்கு, ஆச்சி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனுபவமா? இவளுக்கா இல்லை?

உங்களுக்குத்தான் தெரியுமே... முந்தின வருஷத்து மழையில் குழாயடியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டேன். முழுசாகப் பதினான்கு மாதம் படுக்கை. தாராவியில் எங்கள் அறையில் கட்டிலைப் போட்டால் மிச்ச இடம் ஸ்டவ்வுக்கும் குடத்துக்கும்தான். அதற்குள் எஸ்தர் என்னைத் துடைத்தாள், பவுடர் போட்டாள், புரட்டினாள். கொஞ்சம் கண் அசந்தால் போதும் - தட்டி எழுப்பிப் புரட்டிப் போடுவாள்.

“விடுட்டி! நான் என்ன தோசையா?” என்று கத்துவேன்.

“தோசை கருகினா வேற ஊத்திக்கலாம். பேசாம திரும்புங்க, அத்தே,” என்பாள்.

அவள் கை சுத்தம். வாய் மட்டும் என்னை மாதிரி.

மறுநாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு நானே கிளம்பினேன்.

“வேண்டாம், அத்தே. மானம் போயிரும்.”

“போனா போவட்டும். பஸ்ஸு போயிராம பாரு.”

கவுண்டரில் ஒரு கிளார்க். மாட்டுங்கா பக்கத்துத் தமிழர். மடிப்புக் கலையாத சட்டை. மரியாதையாகத்தான் பேசினார்.

“பாட்டி, வீட்டுல மாமியாரைப் பார்த்துண்டது கடமை. அதை எக்ஸ்பீரியன்ஸ்னு போட முடியாது. வேலை பார்த்த இடத்துல எழுதி வாங்கிண்டு வரணும்.”

அப்படியா சங்கதி! அதே துணி, அதே தண்ணீர், அதே முதுகு. சம்பளம் வாங்கித் துடைத்தால் எக்ஸ்பீரியன்ஸ்... வாங்காமல் துடைத்தால் கடமை! இங்கிலீஷ்காரன் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. இந்த வார்த்தையை மட்டும் கவுண்டருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான் போல.

“அவ வேலை பாத்த எடமே நாந்தான்யா! எனக்கு எழுதத் தெரியாது. பெரியவங்க யாராச்சும் இருந்தா கூப்பிடும்.”

நான் பேசினால் தாராவி முழுக்கக் கேட்கும். நர்சிங் ஹோம் எம்மாத்திரம்? மேட்ரனே வெளியே வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. கிளார்க்தான் ஹிந்தியில் சொன்னார். ஒரு வார்த்தை விட்டுப்போகாமல் நான் காவல் இருந்தேன். இருபது வருஷம் பம்பாய்க் குழாயடியில் சண்டை போட்டவளுக்கு ஹிந்தி புரியாதா?

மேட்ரன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதினான்கு மாதம் படுத்துக் கிடந்தவளுக்குப் படுக்கைப் புண் எத்தனை வந்தது?

“வந்து எண்ணிப் பாக்கச் சொல்லும்!”

திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார். ரவிக்கையை அவிழ்த்தேன். இதில் என்ன வெட்கம்? கழுத்திலிருந்து இடுப்பு வரை, எலும்பு எலும்பாக, மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஒரு தழும்பு கிடையாது. எஸ்தர் பக்கம் திரும்பினார். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டினாய் என்று கேட்டார்.

“தோ கண்டா,” என்றாள் எஸ்தர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

ராத்திரியிலுமா?

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன்: “எங்க தூங்க விட்டா?”

பதினான்கு மாதமும் என்னை அவள் தூங்கவிடவில்லை என்றே திட்டிக்கொண்டிருந்தேன். அவளும் தூங்கவில்லை என்பது அந்தத் திரைக்குப் பின்னால்தான் எனக்கு உறைத்தது.

வெளியே வந்து, ஃபாரத்தை எழுதச் சொன்னார் மேட்ரன். எக்ஸ்பீரியன்ஸ் - பதினான்கு மாதம். அதற்குக் கீழே என் கட்டைவிரல் ரேகை. நன்றாக அழுத்தியே வைத்தேன்.

கிளார்க் விடவில்லை. இன்னும் ஒரு கட்டம் பாக்கியாம்.

“முன்னே பார்த்த வேலையை ஏன் விட்டாள்னு எழுதணுமே, பாட்டி?”

“நான் எந்திச்சு நடந்துட்டேன்னு எழுதும்!”

எழுதினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்தத் திங்கட்கிழமையிலிருந்து எஸ்தர் வேலைக்குப் போகிறாள். காலையில் டீயை நானே போட்டுக் குடிக்கிறேன். அவளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றி வைக்கிறேன்.

அதைக் கடமை என்று யாராவது சொல்லிப் பாருங்கள்!