இங்கிலீஷுக்குச் சந்தை சொன்னவள்

மைசூர் அக்ரஹாரத்தில் ஸத்யபாமா மதித்த மனிதர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். புகுந்த வீட்டார் ஒருவரும் அந்தக் கையில் இல்லை. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமனார் பேசும்போது தலை குனிந்துதான் நிற்பாள்; உதட்டோரம் மட்டும் கொஞ்சம் கோணியிருக்கும். மருமகளுக்கு எவ்வளவு அடக்கம் என்று செலுவையங்கார் பூரித்துப்போவார். அவருக்கு இங்கிலீஷ்தான் படிக்க வராது என்றில்லை, முகமும் படிக்க வராது.

சுதந்திரம் வந்து ஐந்தாவது வருஷம் ஸத்யபாமா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அடுத்தது காலேஜ், இன்டர்மீடியட் என்று அவள் கனவு கண்டுகொண்டிருந்தபோதுதான் அந்த ஜாதகம் வந்தது. அப்பா தபாலாபீஸில் குமாஸ்தா. தாயில்லாத பெண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் என்று அவருக்குக் கவலை. மேல்கோட்டையிலிருந்து வந்து அக்ரஹாரத்தில் குடியேறிய குடும்பம், நல்ல வம்சம், ஒரே பிள்ளை என்றார்கள். பிள்ளையின் பெயர் திருநாராயணன்.

பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லவில்லை. செலுவையங்கார் இடுப்பில் மடித்துச் செருகியிருந்த இங்கிலீஷ் பேப்பரை எடுத்து நீட்டினார்.

"இதை வாசிச்சுக் காட்டும்மா."

அவள் வாசித்தாள். அவர் கண்ணை மூடி, கோயில் கோஷ்டியில் பாசுரம் கேட்பதுபோலத் தலையாட்டினார். வாசித்தது ஏதோ சிமெண்டு விளம்பரம். அது அவளுக்கும் அந்தப் பேப்பருக்கும் மட்டுமே தெரியும்.

"நன்னா இருக்கு. இதையெல்லாம் இன்னொருத்தருக்குச் சொல்லித்தர வருமோ?"

வரும் என்றாள். பிறக்கப்போகும் குழந்தைகளுக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இங்கிலீஷில் முதலாவது வந்தவளுக்கு அவ்வளவுதான் புத்தி இருந்தது.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெண்ணுக்குக் காலேஜ் ஆசை என்றார்.

"அதுக்கென்ன? பையனுக்குச் சர்க்கார் வேலை ஒண்ணு காத்துண்டிருக்கு. எஸ்.எஸ்.எல்.சி. கையில வரணும், அவ்வளவுதான். இங்கிலீஷ் ஒண்ணு பாக்கி. அவன் பாஸ் பண்ணிட்டா ஜூன் மாசம் இவ காலேஜில இருப்பா. நான் வார்த்தை குடுத்தேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் கழுத்தை நீட்டினாள். ஒரு வருஷம் தள்ளிப்போகிறது, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம். புரட்டாசியில் மாப்பிள்ளை பரீட்சை எழுதினார். தீபாவளி கழிந்து ரிசல்ட் வந்தது. இங்கிலீஷ் இன்னும் பாக்கி. நாலு வருஷமாக அது பாக்கியாகவே இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது. ட்யூஷன் வாத்தியார்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்களாம். அதற்கப்புறம் செலுவையங்காருக்கு உதித்த யோசனைதான் இந்தக் கல்யாணம். வாத்தியார் வந்து போக வேண்டியதில்லை. வீட்டிலேயே இருப்பாள், சமையலும் செய்வாள்.

விஷயம் புரிந்த அன்று ஸத்யபாமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமியார் கமலம்மாள் அவளைத் தேற்றியவிதம் இன்னும் பிரமாதம்.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கே? மார்ச்சுல அவன் பாஸானா நீ காலேஜுக்குப் போ. உன் கையிலதானே இருக்கு?"

உன் கையில் என்றால் அது நிஜமாகவே அவள் கையில்தான் இருந்தது. திருநாராயணன் இங்கிலீஷ் புத்தகத்தைத் தொடமாட்டான். காலையில் மடி, மிலேச்ச பாஷைப் புத்தகத்தை எப்படித் தொடுவது? அதனால் அவள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவன் எட்டி நின்று பார்ப்பான். பாடம் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவான். கமலம்மாள் அந்தப் புத்தகத்தைக் கொல்லைப்புறத்தில் கரி மூட்டைக்குமேல்தான் வைப்பாள். இந்தப் பாஷையைப் படித்துச் சர்க்கார் சம்பளம் வாங்க மட்டும் இவர்களுக்குத் தீட்டு இல்லை.

முதல் மாதம் அவள் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தாள். வாக்கியத்தைப் பிரித்து, அர்த்தம் சொல்லி, அவனையே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"ஏன்னா, இந்த வரிக்கு என்ன அர்த்தம், சொல்லுங்கோ."

"அர்த்தம் எதுக்கு? பரீட்சைல எழுதினாப் போறாதோ?"

"அர்த்தம் தெரியாம எப்படி எழுதறது?"

"நாலாயிரம் பாசுரமும் நான் சேவிக்கலையா? எல்லாத்துக்கும் அர்த்தம் தெரிஞ்சுண்டா சேவிக்கறேன்?"

இதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. இந்த மண்டைக்குள் தன் காலேஜ் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று ஸத்யபாமா அன்று முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வழி அவன் வாயாலேயே வந்தது. மார்கழியில் ஒரு காலை செலுவையங்கார் பிள்ளைக்கு ஏதோ ஒரு ஸ்தோத்திரம் சந்தை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பரம்பரையாக எல்லாம் அப்படித்தான் கற்றுக்கொள்வது. சொல்பவர் ஒரு தரம் சொல்லுவார். கேட்பவன் அதையே, அதே ராகத்தில், இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் கேள்வி கிடையாது. ஸத்யபாமா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பால் பொங்கி இறங்குவதற்குள் அவன் நீளமான ஒரு ஸ்லோகத்தைப் பிசகில்லாமல் ஒப்பித்துவிட்டான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். பழைய கேள்வித்தாள்களைத் தேடி வாங்கி, திரும்பத் திரும்ப வருகிற தலைப்புகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதினாள். மழைக்காலம், ரயில் பிரயாணம், தசரா ஊர்வலம், நல்ல குடிமகன். மணையில் அவனை உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"தி ரெய்னி சீசன் இஸ் தி குவீன் ஆஃப் ஆல் சீசன்ஸ்."

அவன் சொன்னான். மறுபடி சொன்னான். மூன்றாம் வரியில் குரல் தானாகவே பாசுர ராகத்துக்கு ஏறிவிட்டது; தலை ஆடத் தொடங்கியது. வரிக்கு வரி முழங்கினான். சொன்னதை அப்படியே எழுதவும் செய்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தம்மா வாசலுக்கு வந்து, இது எந்த ஆழ்வார் பாசுரம் என்று கேட்டாள். செலுவையங்கார் மருமகளை மெச்சிக்கொண்டார்.

"இப்பத்தான் சரியான வழிக்கு வந்தே. சந்தை சொல்றச்சே அர்த்தம் கேக்கப்படாது. கேட்டா வாக்கு ஓடிப்போயிடும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் உயிரைவிட்டுப் படித்த பாஷை அந்த வீட்டில் ஒரு மந்திரமாகிவிட்டது; மந்திரத்துக்கு இருக்கிற மரியாதைகூட அதற்கு இல்லை. ஆனாலும் விடவில்லை. இலக்கணத்தையும் சந்தையாகவே சொன்னாள். புதிதாக ஒரு பத்தி கொடுத்துச் சுருக்கி எழுதச் சொன்னால், முதல் வரியையும் கடைசி வரியையும் எழுதிவிட்டு நடுவில் கை வைக்காமல் வந்துவிடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

மார்ச்சில் எழுதினான். மே மாதம் பாஸானான். இங்கிலீஷில் மயிரிழையில் தப்பியிருந்தான். அக்காரவடிசல் மணம் தெருக்கோடிவரை போனது. வந்தவர்களிடமெல்லாம் செலுவையங்கார் ஒரே பாட்டைத்தான் பாடினார்: பெருமாள் கிருபை, எங்கள் வம்சத்து ஞாபகசக்தி. யாரோ மருமகளைப் பற்றிக் கேட்டதற்கு, "ஆமாம், அவளும் கூட உக்காந்துண்டிருந்தா" என்றார். திருநாராயணனோ ஒரே நாளில் பெரிய மனுஷனாகிவிட்டான். அதுவரை மிலேச்ச பாஷையாக இருந்தது, அன்றிலிருந்து அவனுடைய சொந்த பாஷை. பால்காரன் மல்லப்பனிடம்கூட இங்கிலீஷில் பேசிப்பார்த்தான். மல்லப்பன் கன்னடத்தில், சாமிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

அந்தக் கூட்டமெல்லாம் கலைந்த மறுநாள் ஸத்யபாமா மாமனார் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, ஜூன் மாசம் காலேஜில சேரணும். சொல்லியிருந்தேள்."

செலுவையங்கார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். கமலம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஆம்படையான் எஸ்.எஸ்.எல்.சி., ஆம்படையா இன்டர்மீடியட்டா? ஊர் சிரிக்காது?"

"நீங்கதானேம்மா சொன்னேள், பாஸானாப் போன்னு?"

"சொன்னோம், யார் இல்லேன்னா?" என்றார் செலுவையங்கார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா எந்த ஜூன்னு சொல்லலையே."

சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே ரசித்துச் சிரித்தார். திருநாராயணன் பேப்பருக்குப் பின்னால் இருந்தான். பேப்பர் அசையவில்லை. அவள் உள்ளே போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். ஒரு வருஷம் அவளைக் கறிவேப்பிலையாகப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அவளுக்கு அந்த மூன்று பேர்மேல் கோபம்கூட மிச்சமில்லை. கோபப்படவும் ஒரு தகுதி வேண்டும்.

ஜூன் முதல் வாரம் திருநாராயணன் வேலையில் சேர்ந்தான். கோட்டும் தலைப்பாகையுமாகப் புறப்பட்டுப் போனான். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். இரண்டாம் வாரம் மைசூரில் மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸில் காகிதக்கட்டு வைத்திருந்த அறை ஒழுகியது. தலைமைக் குமாஸ்தா சித்தையன் புது ஆளைக் கூப்பிட்டு, மழையால் இந்த மாதிரி ஆகிவிட்டது, மேலாபீஸுக்கு இங்கிலீஷில் ஒரு அறிக்கை எழுது என்றார்.

மழை என்ற சொல் காதில் விழுந்ததுமே திருநாராயணனுக்கு உற்சாகம் பொங்கியது. உட்கார்ந்து ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதினான். மழைக்காலம் பருவங்களுக்கெல்லாம் ராணி. உழவர் உள்ளம் பூரிக்கிறது. மயில்கள் தோகை விரித்து ஆடுகின்றன. இத்தகைய மழையை அளித்த இறைவனுக்கு நாம் நன்றி செலுத்துவோமாக. கீழே கையெழுத்தும் போட்டு, நிமிர்ந்து நின்று நீட்டினான்.

சித்தையன் அதை முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி படித்தார். பிறகு, நாளைக் காலைக்குள் உருப்படியாக ஒரு அறிக்கை வராவிட்டால் நீயும் மயிலோடு ஆடப் போகலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திருநாராயணன் நனைந்து வந்து நின்றான். தலைப்பாகை கையில் இருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"பாமா, கூரை ஒழுகறதுக்கு ஒரு கட்டுரை சொல்லேன்."

"ஏன்னா, சந்தை முடிஞ்சு போச்சு" என்றாள் அவள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

அவன் கெஞ்சினான். கமலம்மாள் அதட்டினாள், பிறகு அவளும் கெஞ்சினாள். வேலை போனால் ஊரில் தலை காட்ட முடியாது என்று அழுதாள். ஊர் சிரிக்கும் என்று அந்த அம்மாளுக்குத்தான் எப்போதும் பயம். கடைசியில் செலுவையங்காரே அடுப்படி வாசலுக்கு வந்தார். அந்த மனிதர் அங்கே வந்து நின்றதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"சரி, போ. காலேஜுக்குப் போ. நான் வார்த்தை..."

"வார்த்தை வேண்டாம்ப்பா. அது ஒரு தரம் குடுத்தேள், பார்த்தாச்சு." அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்காத்து வழக்கப்படியே பண்ணிடலாம். கூடத்துக்கு வாங்கோ, உக்காருங்கோ."

திருநாராயணன் உட்கார்ந்த அதே மணையை எடுத்துப் போட்டாள். கூடத்துக் கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். மழைக்கு ஒதுங்கிய சித்தம்மாவும் இன்னும் நாலு பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். செலுவையங்கார் கதவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், உட்கார்ந்தார். எதிரே அவள் உட்கார்ந்தாள்.

"ஸத்யபாமா வில் ஜாயின் காலேஜ் திஸ் ஜூன்."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதுக்கு அர்த்தம் என்னம்மா?"

"சந்தை சொல்றச்சே அர்த்தம் கேக்கப்படாதுப்பா. சொல்லுங்கோ."

செலுவையங்கார் சொன்னார். பழக்கதோஷத்தில் கடைசிச் சொல் ராகத்தோடு இழுபட்டது. வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

ஸத்யபாமா பென்சிலைக் கையில் எடுத்தாள். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் எழுதத் தொடங்கவில்லை.

"இன்னொரு தரம், அப்பா" என்றாள்.